ஆறு படத்தில் ஒரு ரயில்வே கேட்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் படம் வரைந்த காலம் முழுவதும் என் பெயர் இரண்டே எழுத்துதான். அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று, என் பெயரின் முதல் எழுத்து ஒன்று. டிரேசிங் ஷீட்டின் வலது கீழ் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். தீப்பெட்டியின் பக்கவாட்டு அளவுகூடக் கிடையாது. அதற்குள் அந்த இரண்டு எழுத்தையும் அடக்கிவிட வேண்டும். பக்கத்துக் கட்டங்கள் சரிபார்த்தவருக்கும் ஒப்புதல் தந்தவருக்கும். அவர்கள் கட்டத்தைத் தாண்டி வாலும் சுழியுமாகக் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் ஒருமுறை என் முழுப்பெயரைப் பொடி எழுத்தில் எழுதிப் பார்த்தேன். "நீட்டா போடும்மா" என்று சொல்லி பிளேடால் சுரண்டிவிட்டார்கள்.

எனக்கு அப்போதும் இப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அந்த ஷீட்டை அப்படியே கிழித்துப் போட்டிருப்பேன். மூன்று நாள் வேலை என்பதால் கை வரவில்லை. ஆனால் மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். நான் வரைந்த ஏதாவது ஒன்றின் மேல், என்றைக்காவது, என் முழுப்பெயர் அச்சில் வந்தே தீர வேண்டும். சிரிக்காதீர்கள். இருபத்துமூன்று வயதில் சிலருக்குக் கல்யாணக் கனவு வரும், எனக்கு இதுதான் வந்தது.

எங்களுடையது தகடு வெட்டும் பட்டறை. முன்பக்கம் குளிர்சாதனம் போட்ட சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், பின்பக்கம் இயந்திரங்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போவோம். அங்கே புரோகிராம் எழுதியவர் ஆவடிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அண்ணாத்தே என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரு தகட்டில் எத்தனை துண்டுகளை எப்படி அடுக்கினால் கழிவு குறையும் என்று கணக்குப் போடும் புரோகிராம் அவருடையது. தையல்காரர் துணியை விரித்து, முன்பக்கம் இங்கே, கை அங்கே என்று சாக்கட்டியால் குறிப்பாரே, அதே வேலைதான். எங்கள் பட்டறைக்காக எழுதி, பிறகு மற்றப் பட்டறைகளுக்கும் விற்கலாம் என்று முதலாளிக்கு ஆசை.

ஒரே ஒரு தொல்லை. கணக்குப் போட அதற்கு ஆறேழு நிமிடம் பிடிக்கும். அதுவரை திரையில் ஒரு மணல் கடிகாரம் நிற்கும். அது மணல் கடிகாரம் என்று எங்களுக்குத் தெரியும். இயந்திரம் ஓட்டுகிறவர்கள் யாரும் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது உடுக்கை. "அண்ணாத்தே, உடுக்கை வந்துட்சி, மிஷின் நின்னுட்சி" என்று கத்திவிட்டு, யாரையும் கேட்காமல் பெட்டியில் இருக்கும் பட்டனை அமுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிடக் கணக்கு அம்போவென்று போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் உடுக்கை. அண்ணாத்தே தலையில் அடித்துக்கொண்டு, "உடுக்கை அடிச்சா சாமி வரணும், எனக்குப் பைத்தியம்தான் வருது" என்பார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை, சைக்கிளில் வேலைக்கு வரும்போது கேட் மூடியிருந்தது.

அந்த ரயில்வே கேட்டின் கேட்மேன் எங்கள் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்போம். வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், எஸ்டேட் இந்தப் பக்கம். மகள் நிற்கிறாளே என்று ஒரு நொடி முன்னால் அவர் கேட்டைத் திறந்ததே இல்லை. மூடியிருந்தால் நானும் எல்லோரோடும் நிற்க வேண்டியதுதான். நின்றுகொண்டு, என் அப்பாவை ஊரார் திட்டுவதைக் கேட்க வேண்டியதுதான். "யோவ் கேட்டு, தூங்கினுகிறியா?" "இன்னாய்யா, உங்க ஊட்டு ரயிலா அது, இன்னும் வரல?" ஷிஃப்டுக்கு நேரமான ஆட்கள் வாயில் வந்ததெல்லாம் பேசுவார்கள். நைனா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். பச்சைக் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தபடி நிற்பார். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். இரண்டு பேரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

அன்று சண்டை போடத் தோன்றவில்லை. வேறொன்று கண்ணில் பட்டது. இவ்வளவு திட்டுகிறார்களே, ஒருவராவது கேட் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னார்களா? இல்லை. ஒருவராவது போய் உடைத்தார்களா? இல்லை. வண்டியை அணைத்தார்கள், ஒற்றைக் காலை ஊன்றினார்கள், பீடி பற்ற வைத்தார்கள். மூடிய கேட் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரயில் போனது. நைனா போய் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். கம்பி இறுகியதும், மேலே கிளம்புவதற்கு முன், அந்த நீளக் கட்டை ஒரு நடுக்கு நடுங்கியது. ஒரே ஒரு நடுக்கு. அவ்வளவுதான்! கட்டை ஓர் அங்குலம்கூட ஏறவில்லை, அதற்குள் அத்தனை பேரும் பெடலில் கால் வைத்துவிட்டார்கள், ஸ்கூட்டர்கள் உதைபட்டுக் கிளம்பிவிட்டன.

நான் கேட்டைத் தாண்டிச் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றுவிட்டது. கையெல்லாம் கிரீஸோடு பட்டறைக்குள் ஓடி, "அண்ணாத்தே, உடுக்கையைத் தூக்கிப் போடு, கேட்டைப் போடு" என்றேன். அவர் உதட்டில் டீ கிளாஸை வைத்தபடி, "இன்னாம்மா, காலங்காத்தால எங்கயாச்சும் இடிச்சிக்கினியா?" என்று கேட்டார்.

திரையில் அந்தச் சின்னப் படத்துக்கு இடம் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு புள்ளிதான். கிராஃப் தாளில் கட்டம் எண்ணி, ஒவ்வொரு கட்டமாகக் கருப்பும் சிவப்பும் தீட்டினேன். மொத்தம் ஆறு படம். முதல் படத்தில் கட்டை நிமிர்ந்து நிற்கும். இரண்டாவதில் பாதி இறங்கியிருக்கும். மூன்றாவதில் மூடி, நடுவில் சிவப்பு வட்டம். நான்காவதில் பின்னால் ரயில் ஜன்னல்கள். கணக்கு முடியும் வரை மூன்றும் நான்கும் மாறி மாறி வந்து, ரயில் போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாவது படம்தான் நடுக்கம். கட்டையின் நுனி ஒரே ஒரு கட்டம் வளைந்திருக்கும், வேறு வித்தியாசமே கிடையாது. ஆறாவதில் கேட் திறந்திருக்கும்.

இரண்டு வாரம் அடம்பிடித்து, அண்ணாத்தே அதை ஓட வைத்தார். கட்டை இறங்கியது! ரயில் போனது! நான் வரைந்த கோடு நகர்ந்தது! எத்தனை வருடமாகக் கோடு போடுகிறேன், ஒரு கோடாவது போட்ட இடத்தைவிட்டு அசைந்திருக்குமா? நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், கைதட்டினேன், கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. பின்பக்கத்திலிருந்து வயதில் மூத்த ஆபரேட்டரைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினோம். ஒன்றும் சொல்லித்தரவில்லை. கேட் இறங்கியதும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். "ரயிலு போவுது. ஒரு டீ சாப்ட்டு வரலாம்" என்று அதே இடத்தில் நின்றபடி டீயைக் குடித்தார். ஏழு நிமிடம் கழித்துக் கட்டை நடுங்கியது. மனிதர் டீ கிளாஸை டக்கென்று கீழே வைத்துவிட்டு, திறக்கும் முன்பே கீபோர்டில் கை வைத்தார். அண்ணாத்தே என்னைப் பார்த்த பார்வையை நான் எந்தச் சான்றிதழுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

முதலாளி வந்து பார்த்தார். பத்துத் தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு அறைக் கதவைச் சாத்தினார். எங்களுடைய முந்தைய புரோகிராமின் திரை அமைப்பை அப்படியே பார்த்து இரண்டு தெரு தள்ளி ஒருவர் செய்துவிட்டிருந்தார். அந்தச் சூடு முதலாளிக்கு இன்னும் ஆறவில்லை. "இதையும் எவனாவது சுட்டுட்டா நான் மனுஷனே இல்லம்மா. முறைப்படி பதிவு பண்ணிடலாம்" என்றார்.

பாரிமுனையில் மாடிப்படி இருட்டாக இருக்கும் ஒரு கட்டடத்தில், டிசைன்களைப் பதிவு செய்து தரும் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். முதலாளி என்னையும் அங்கே அழைத்துப் போனார். அதுவரை நான் பார்த்த மனிதர்களிலேயே மிக உற்சாகமானவர் அவர்தான் என்று நினைக்கிறேன். ஆறு படத்தையும் வரிசையாக மேசையில் பரப்பிவிட்டு, என்னைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"டிசைன்னா ஒரு பொருள் மேல இருக்கணும். புடவை மேல பூ, டம்ளர் மேல கோடு. உங்க படம் எது மேல இருக்கு?"

"திரை மேல சார்."

"திரையை நீங்களா செய்யறீங்க?"

"இல்ல சார்."

"ஸ்விட்சை அணைச்சா படம் இருக்குமா?"

"இருக்காது சார்."

"ஆஹா!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். "பொருள் எதுல செஞ்சதுன்னு சட்டம் கேக்கும். உலோகமா, மரமா, கண்ணாடியா? வெளிச்சத்துல செஞ்சதுன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிக் கொடுத்ததில்ல."

"மானிட்டர் முன்பக்கம் கண்ணாடிதான சார்" என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணாடி என்றே போட்டுப் பார்ப்போம், கல்கத்தாவில் இருக்கும் பதிவு அலுவலகம் என்ன சொல்கிறதென்று பார்த்துவிடுவோம் என்றார். பிறகு விரலை நீட்டி ஒன்று சொன்னார். இப்போதும் அந்த விரல் எனக்குத் தெரிகிறது. "தாக்கல் பண்ற வரைக்கும் வெளியாள் ஒருத்தர் கண்ணுலயும் படக் கூடாது. வெளியில ஒரு தடவை காட்டிட்டா, அது புதுசு இல்ல. புதுசு இல்லன்னா பதிவும் இல்ல."

தலையாட்டினேன். ஆனால் என் மனம் விண்ணப்பத்தில் இருந்த ஒரு வரியின் மேலேயே இருந்தது. உரிமையாளர் பெயர். அங்கே பட்டறையின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார். கீழே வரைந்தவருக்குக் கட்டமே இல்லை, இரண்டு எழுத்துக்குக்கூட. திரும்பி வரும் மின்சார ரயிலில் கொரட்டூர் வரை பொறுத்துப் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை. "சார், கட்டத்தை எண்ணித் தீட்டினது நான். வெயில்ல கேட்டுல நின்னது நான். என் பேர் அதுல வரலன்னா, தாளைக் குடுங்க, நான் வேற வேலை பார்த்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். முதலாளி வெலவெலத்துப் போய்விட்டார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அம்பத்தூரில் இறங்கும்போது, "சரிம்மா. உன் பேர்லயே பதிவு பண்ணுவோம். அப்புறம் நீ கம்பெனிக்கு எழுதிக் குடு. பேர் உன்னுது, போதுமா?" என்றார். போதுமா! நான் அன்று ஸ்டேஷனிலிருந்து வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஏறினால் விழுந்துவிடுவேன் போல இருந்தது.

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்ததும் தாக்கல் என்று நாள் குறித்தார்கள்.

தாக்கலுக்கு முன்னால் வந்தது ஆயுத பூஜை. எஸ்டேட்டில் அந்த ஒரு நாளைக்காக மற்ற நாட்கள் எல்லாம் உழைக்கலாம். லேத், டிரில்லிங், வெல்டிங் என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஷட்டரை முழுக்கத் தூக்கிவிடுவார்கள். யாரும் எந்தப் பட்டறைக்குள்ளும் போகலாம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், தபால்காரர், லாரி ஓட்டுநர்கள், எல்லோரும் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கிப் பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் என் டிராயிங் போர்டுக்கு நான்தான் பொட்டு வைப்பேன், யாரையும் தொடவிட மாட்டேன்.

அந்த வருடம் கம்ப்யூட்டருக்கும் முதல் முறையாகப் பூஜை. அறையிலிருந்து தூக்கிவந்து பட்டறை வாசலுக்கு நேராக மேசை போட்டு வைத்தோம். மானிட்டர் தலையில் சாமந்தி மாலை, நெற்றியில் சந்தனம். எல்லாம் சரி, திரை மட்டும் கருப்பாகக் கிடந்தது. "இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா கண்ணை மூடினுகீது" என்று மூத்த ஆபரேட்டர் குறைபட்டார். லேத்துகூட அன்றைக்கு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும். எனக்கும் பொறுக்கவில்லை. ஸ்விட்சைப் போட்டேன். போட்டதோடு விட்டேனா? கேட்டை ஓடவிட்டேன்.

நீங்கள் கேட்பீர்கள், அந்த ஏஜெண்ட் நீட்டிய விரல் எங்கே போயிற்று என்று. சத்தியமாகச் சொல்கிறேன், வெளியாள் என்ற சொல் எனக்கு உறைக்கவே இல்லை. ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டில் யார் வெளியாள்? முதலாளிக்கும் உறைக்கவில்லை, அண்ணாத்தேக்கும் உறைக்கவில்லை. நாங்கள் யாருக்கும் எதையும் காட்டவில்லை, பூஜைதான் செய்துகொண்டிருந்தோம்.

என்ன கூட்டம்! "டேய், நம்ம கேட்டுடா! ரயிலு போவுது பாரு!" என்று ஒருவரை ஒருவர் இழுத்துவந்து காட்டினார்கள். கட்டை நடுங்கும்போது ஒருவர் இல்லாத ஸ்கூட்டரை உதைத்து ஸ்டார்ட் செய்தார், பட்டறையே சிரித்தது. எங்கள் திரையைக் காப்பியடித்த அந்த இரண்டு தெரு தள்ளியவரும் வந்து, பொரியும் வாங்கிக்கொண்டு, ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மதியம் ஷிஃப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நைனா வந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மேசை முன்னால் நின்றவர், திரையையே பார்த்தார்.

"இன்னாம்மே, ரோட்டுல போட்டது பத்தாதுன்னு இங்கயும் கேட்டு போட்டுகினியா?"

"நல்லா கீதா நைனா?"

அவர் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "இதுல எவனும் திட்டல" என்றார். எஸ்டேட் போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்திருந்தார். மாலை போட்ட மானிட்டர் நடுவில், ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் நைனா, திரையில் மூடிய கேட், சுற்றிலும் ஊரே நிற்க ஒரு படம் எடுத்தார்.

அந்தப் போட்டோவைத்தான் தாக்கல் அன்று கைப்பையில் வைத்துக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். ஏஜெண்டுக்குக் காட்ட வேண்டும் என்று அவ்வளவு ஆசை! விண்ணப்பம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. என் முழுப்பெயர், கருப்பு ரிப்பனில், பளிச்சென்று. அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பேனாவை நீட்டிக்கொண்டே அவர், "வெளியில யாரும் பார்க்கலையே?" என்று வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டார். "இல்ல இல்ல" என்றார் முதலாளி. நான் அதே நேரத்தில், "சார், இதைப் பாருங்க சார்" என்று போட்டோவை மேசையில் வைத்தேன்.

அவர் போட்டோவை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பேனாவை மூடினார்.

"இவங்கெல்லாம் உங்க பட்டறை ஆளுங்களா?"

"இல்ல சார். எஸ்டேட் முழுக்க வந்தாங்க."

"ரகசியமா வச்சுக்கணும்னு சொன்னீங்களா?"

"பொரி குடுத்தோம் சார்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன. முதலாளி மெதுவாக, "போட்டோவை உள்ளே வச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். "இது இதுவரைக்கும் வெளியாகலன்னு நீங்க கையெழுத்துப் போடணும். போடுவீங்களா?" என் பெயர் அங்கேதான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். கீழே கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவை எடுத்தேன். பொரி வாங்கிப் போன அந்த இரண்டு தெரு தள்ளிய மனிதரின் முகம் வந்தது. ஏமாற்றியவர் அவர் என்று இத்தனை நாள் ஏசிவிட்டு, என் முதல் கையெழுத்தையே பொய்யாகப் போடுவதா? அப்படி வரும் பெயர் எனக்கு எதற்கு? பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். வீட்டுக்குப் போய் அரிசி களையும்போது பானையைத் தரையில் போட்டு உடைத்தேன். நைனா ஏனென்று கேட்டார். சொன்னேன். "நான் வந்து நின்னதும் தப்பாப் பூட்சா?" என்று கேட்டார். அதற்கு மேல் அழாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இரண்டு மாதம் கேட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு பிற்பகல், ஃபேக்ஸ் மிஷின் கிறீச்சென்று கத்தி ஒரு தாளைத் துப்பியது. அமெரிக்காவில் தகடு வெட்டும் இயந்திரம் விற்கும் ஒரு சின்னக் கம்பெனி, எங்கள் புரோகிராமை வாங்கிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. முதலாளி மாதிரிக்கு அனுப்பிய டிஸ்கில் கேட்டைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஊரிலும் ரயில்வே கேட் உண்டாம், அங்கேயும் ஆட்கள் நின்று திட்டுவார்களாம்! இப்படி அசையும் ஐகானுக்கு அவர்கள் நாட்டில் டிசைன் பேட்டண்ட் என்ற பதிவு வாங்கலாம், வரைந்தவர் யார், இதற்கு முன் எங்கேயாவது காட்டியிருக்கிறீர்களா என்று அவர்கள் வக்கீல் கேட்டிருந்தார்.

சூடு கண்ட பூனை நான். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எங்கள் ஊரில் வருடத்தில் ஒரு நாள் கருவிகளை வணங்குவோம், அன்று எல்லாக் கதவும் திறந்திருக்கும், வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் பொரி கொடுத்தோம். பொரி என்றால் என்ன என்று தனியாக இரண்டு வரி.

மறுநாள் காலை பதில் வந்து கிடந்தது. அண்ணாத்தேதான் உரக்கப் படித்தார். காட்டி ஒரு வருடம் ஆகாதவரை அவர்கள் சட்டத்தில் குற்றமில்லை, அதுவும் உங்கள் ஊர்ப் பட்டறையில் காட்டியது எங்கள் நாட்டில் காட்டியதாகாது, உடனே படங்களை அனுப்புங்கள். "பொரி ஒண்ணியும் பண்ல! பொரி தப்பிச்சிட்சி!" என்று கத்திக்கொண்டே அவர் பின்பக்கம் ஓடினார். நான் செருப்பில்லாமல் ரோடு வரை ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு படத்தையும் மறுபடி வரைந்தேன், இந்த முறை டிரேசிங் ஷீட்டில், கருப்பு மசியில். கேட்டை முழுக்கோட்டிலும், சுற்றியுள்ள மானிட்டர் சட்டத்தைப் புள்ளிக்கோட்டிலும் போடச் சொல்லியிருந்தார் வக்கீல். எங்கள் வரைபடங்களில் புள்ளிக்கோடு என்றால் மறைந்திருக்கும் விளிம்பு. அவர்களுக்கோ, இது எங்களுடையதல்ல என்று அர்த்தமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது! அப்படியானால் முழுக்கோடு போட்டதெல்லாம் என்னுடையது. ஐந்தாவது படத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவதையே தவறுதலாக மறுபடி அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டு ஃபேக்ஸ் வந்தது. கட்டையின் நுனியை நன்றாகப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். அரை மணியில் ஒரே வரி வந்தது: பார்த்துவிட்டோம், மிக அழகு.

கடைசியாகப் படிவம். வரைந்தவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும், கம்பெனி பெயர் செல்லாது. அந்தச் சட்டத்தை எழுதியவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உரிமை கம்பெனிக்குப் போய்விடும், பெயர் மட்டும் என்றைக்கும் வரைந்தவருடையது. என் பெயரை இனிஷியலோடு எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. குடும்பப் பெயர் எங்கே? எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்றேன். அப்படியானால் முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்து என்ன? அது என் அப்பா. அதை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள் என்றார் வக்கீல். எழுதினேன். கட்டம் தாராளமாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து வந்தது அந்தத் தாள். ரிப்பன் ஒட்டி, சிவப்பு முத்திரை குத்தி, கல்யாணப் பத்திரிகையைவிட எடுப்பாக. முதலாளி எனக்கென்று ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். நேராக கேட்டுக்குத்தான் போனேன். நைனா கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். முதலில் என் பெயர். அடுத்த சொல்லில் அவர் விரல் நின்றுவிட்டது.

"எம்பேரு இன்னாத்துக்கு இங்க கீது?"

சொன்னேன். மறுபடி படித்தார். பிறகு, "கேட்டுன்னா நம்பர் இருக்கணுமே?" என்றார். ரயில்வேயில் ஒவ்வொரு கேட்டுக்கும் ஓர் எண் உண்டு. பேட்டண்ட் எண்ணைக் காட்டினேன். "ம்ம்" என்று தலையசைத்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கென்று எடுத்த ஜெராக்ஸ் அது, திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த வாரம், கேட்டருகே பூ விற்கிற அக்கா என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். காலை ஷிஃப்ட் நேரம், கேட் மூடியிருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வழக்கம்போல, "யோவ் கேட்டு, தூங்கினுகிறியா?" என்று கத்தியிருக்கிறார். அத்தனை வருடமும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நைனா, அன்று திரும்பினாராம்.

"அமெரிக்காவுல எம்பேர்ல ஒரு கேட்டு கீதுடா. அங்க எல்லாம் கம்முனு நிக்கிறானுங்க. நீயும் நில்லு."

அந்த ஆள் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றாராம்.